வேம்பு கடலில் இருக்கிறாள்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எழுதிய ஒரு கடிதத்துக்கு வந்த பதிலிலிருந்து வந்தது. ‘ஒன்பது துறை’ என்ற ஆட்டப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், “ஆடிப் பார்த்தவர்கள் தங்கள் கருத்தை எழுதவும். இரண்டாம் பதிப்பில் திருத்திக்கொள்வோம்” என்று ஒரு வரியும், புதுச்சேரி முத்தியால்பேட்டை முகவரி ஒன்றும் இருந்தன. எழுதச் சொன்னால் எழுதிவிடுகிற ஆள் நான். எண் போட்டு, தலைப்புப் போட்டு, இன்லேண்ட் லெட்டரின் மடிப்பு வரைக்கும் எழுதினேன். நான் அந்த ஆட்டத்தை ஆடியவன் இல்லை என்பதையும் எழுதினேன். எங்கள் ஊரில் இதற்கு நான்கு பேரைச் சேர்க்க முடியவில்லை. புத்தகத்தைப் படித்ததோடு சரி.

பதில் எழுதியவர் துர்கா. ஆட்டத்தை உருவாக்கியவர். என் கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் சொல்லிவிட்டுக் கடைசியில் இப்படி முடித்திருந்தார்: “உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். வேம்பு கடலில் இருக்கிறாள். என்ன செய்வது என்று தெரியவில்லை.”

யார் வேம்பு என்று தெரியாமலே எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. விவரம் பிறகு தெரிந்தது. வேம்பு என்பவள் ஆட்டத்துக்குள் மட்டும் இருக்கிற ஒரு முத்துக்குளிப்புக்காரி. அவளாக இருந்து ஆடுபவர் கனகசெட்டிக்குளத்தைச் சேர்ந்த செல்வாம்பாள். புத்தகத்தின்படி வேம்பு செத்தாயிற்று. கனகசெட்டிக்குளத்தின்படி இன்னும் இல்லை. அவள் கரையேறுவாளா என்பதுதான் இந்தக் கதை. இதைவிடப் பெரிதாக எதையும் பின்னால் ஒளித்து வைக்கவில்லை.

2

கதையைத் தொடங்கிப் பார்த்த விதங்கள்:

“அன்று கனகசெட்டிக்குளத்தில் கடல் அமைதியாக” (நிறுத்திவிட்டேன். கடலை அமைதியாக வைத்துத் தொடங்கினால், அடுத்து என்ன வரும் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.)

“விதி என்பது என்ன? மனிதன் தனக்குத் தானே” (இது பள்ளிக்கூடக் கட்டுரைப் போட்டி. இரண்டாம் பரிசு கிடைக்கும்.)

சரி, முறையாகவே சொல்கிறேன். துர்காவின் பக்கத்து வீடு ஒரு சொல்தா வீடு. பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். அந்த வீட்டுப் பையன் பாரீஸிலிருந்து ஒரு விடுமுறைக்கு வந்தபோது ஒரு பெட்டி கொண்டுவந்தான். உள்ளே பல முகம் கொண்ட பகடைகளும் ஒரு பிரெஞ்சுப் புத்தகமும். ஒருவர் கதை நடத்துவார். மற்றவர்கள் கதைக்குள் ஆளுக்கொரு ஆளாக இருந்து, “நான் கதவைத் திறக்கிறேன்”, “நான் ஓடுகிறேன்” என்று சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்ற இடத்தில் பகடை உருளும். பையன் பெட்டியோடு திரும்பிப் போய்விட்டான். துர்காவுக்கு மனசு அதிலேயே நின்றுவிட்டது. பிரெஞ்சு தெரியாது, பகடை கிடைக்காது. அவள் வேலை பார்த்தது ஒரு டிடிபி சென்டரில், கல்யாணப் பத்திரிகை அடிக்கும் வேலை. பார்த்ததை நினைவில் வைத்துப் புதிதாக ஒன்றைச் செய்தாள். பகடைக்கு ஆறு சோழி, மல்லாந்து விழுந்தவை எத்தனை என்பதுதான் கணக்கு. காட்டுக்கும் கோட்டைக்கும் பதிலாக ஒரு கடல், அதில் ஒன்பது துறைகள். ஜெராக்ஸ் எடுத்து ஸ்பைரல் போட்டு விற்றாள்.

(துர்காவை ‘அவர்’ என்று தொடங்கி ‘அவள்’ என்று மாற்றிவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற கதைக்கு ‘அவர்’ கொஞ்சம் தள்ளி நிற்கிறது. அவளிடம் அனுமதி வாங்கியாயிற்று.)

3

இரண்டாயிரத்து ஏழாம் வருடம், கோடை. இரண்டாம் பதிப்புக்கு ஆடிப் பார்த்துக் கருத்துச் சொல்ல மூன்று பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் டிடிபி சென்டர் மாடிக்கு வந்தார்கள். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் கிளார்க்காக இருக்கும் விஜயராகவன். பைக் மெக்கானிக் விமல்ராஜ். துர்காவோடு படித்து இப்போது டீச்சராக இருக்கும் பூர்ணிமா. மூவரும் ஆட்டத்தை விரும்பியவர்கள். அதுதான் தொல்லை.

“கடலில் விழுந்தவர்னு போட்டிருக்க,” என்றார் விஜயராகவன். “ஆத்துல விழுந்தா? கெணத்துல விழுந்தா?”

“கெணத்துல விழுந்தா மேல தூக்கிடுவாங்க சார்,” என்றாள் பூர்ணிமா.

“எத்தினி பேரு தூக்கணும்? கயிறு யாரு கொண்டாரணும்? அது எழுதலையே.”

“சார் கெணத்த வுட மாட்டாரு இன்னிக்கி,” என்றான் விமல்ராஜ். “யக்கா, சண்டைக்கு ஆறு சோழி பத்தாது. பன்னெண்டா ஆக்குங்க. உருட்டுனா சத்தம் வரணும்.”

“எனக்குச் சோழியே வேணாம்,” என்றாள் பூர்ணிமா. “போன வாரம் அஞ்சாந்துறை ராஜா முன்னாடி நின்னு அப்டி ஒரு பேச்சு பேசனேன். சோழி ஒண்ணு விழுந்துச்சி. ராஜா மசியலயாம். ஏய், நீதான ராஜா. அந்தப் பேச்சுக்கு நீ மசிஞ்சியா இல்லியா?”

“மசிஞ்சிட்டேன்டி,” என்றாள் ஆட்டத்தை நடத்திய துர்கா.

“அப்பறம் இன்னா சோழி?”

துர்கா எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் ஒன்றை வைத்தால் இன்னொன்றை எடுக்க வேண்டியிருந்தது. விஜயராகவனுக்குப் பிடிக்கும்படி எழுதினால் புத்தகம் இரண்டு மடங்காகும். பூர்ணிமாவுக்குப் பிடிக்கும்படி எழுதினால் புத்தகமே தேவையில்லை.

மூன்று பேரும் ஒத்துப்போன இடம் ஒன்றே ஒன்று. முப்பத்தோராம் பக்கம். கடலில் விழுந்தவர் சோழி உருட்ட வேண்டும். மூன்றுக்குக் குறைவாக விழுந்தால் அவர் உயிர் போகும். விளையாடுபவர் புதிய ஆளோடு தொடங்க வேண்டும். “இத மட்டும் தொடாதீங்க யக்கா,” என்றான் விமல்ராஜ். “சாவு இல்லன்னா பயம் இல்ல. பயம் இல்லன்னா இன்னாத்துக்கு ஒக்காந்து உருட்டணும்?” பூர்ணிமாகூடத் தலையாட்டினாள்.

* விஜயராகவனைப் பற்றி ஒரு சந்தேகம். மேலே எழுதியதைத் திரும்பப் படித்தால் அவர் சிரிப்புக்காக வந்தவர்போல இருக்கிறார். கிணற்றை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் கிணறு அவர் கேட்டதுதான். அதனால் கிணற்றை விட்டுவிட்டு, துர்கா எனக்கு எழுதிய வேறொன்றைச் சேர்க்கிறேன். ஏன் சார் எல்லாவற்றையும் எழுதச் சொல்கிறீர்கள் என்று அவள் ஒருநாள் கேட்டாளாம். “எழுதி வச்சிட்டா யாரும் என்கிட்ட கத்த முடியாது பாரு,” என்றாராம். சொல்லிவிட்டு டீ வாங்கக் கீழே இறங்கிப் போய்விட்டார்.

4

அப்போதுதான் சாமிக்கண்ணு போன் செய்தார். கோயில் திருவிழா நோட்டீஸ் அடிக்க வந்தபோது ஒரு புத்தகம் வாங்கிப்போனவர். மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் கிடக்கும்போது சீட்டாடி அலுத்துப்போய், கனகசெட்டிக்குளத்தில் இதை ஆடத் தொடங்கி இரண்டு வருடமாகிறது.

“மேடம், ஒரு டவுட்டு. கடலு கேக்கற வெலைக்கு எதாச்சும் வரம்பு இருக்குதா?”

“எந்தக் கடலு?”

“நம்ம ஆட்டத்துல மேடம். ஆளு விழுந்தா கடலு வெல கேக்கும் இல்ல?”

துர்காவுக்குப் புரியவில்லை. முப்பதாம் பக்கத்தைப் படிக்கச் சொன்னாள். அவர் படித்தார். பக்கத்தின் கடைசி வரி: “மூன்றுக்குக் குறைவாக விழுந்தால்”. அடுத்து, எதிர்ப்பக்கத்தில் அவர் படித்தது: “கரையில் இருப்பவர்கள் பேரம் பேசலாம். எதிராளி தன் விலையைச் சொல்ல வேண்டும். சொன்ன விலையைக் குறைக்க அவருக்கு உரிமை இல்லை. அதற்கு ஈடாக வேறொன்றைக் கரையில் இருப்பவர்கள் சொல்லலாம்.”

அது முப்பத்துமூன்றாம் பக்கம். சந்தை விதிகள். ஸ்பைரல் போடும்போது அவர்களுடைய பிரதியில் மட்டும் இடையில் ஒரு தாள் விழுந்துபோயிருக்கிறது. இரண்டு பக்கங்களும் ஒட்டி ஒரே வாக்கியமாகிவிட்டன. வேறு ஊராக இருந்தால், ஏதோ இடிக்கிறதே என்று யாராவது நிறுத்தியிருப்பார்கள். காலையில் எழுந்ததும் மீன் ஏலத்தில் நிற்கிற ஊருக்கு இதில் எதுவுமே இடிக்கவில்லை. கடலில் ஒருவன் விழுந்தால் கரையில் இருக்கிறவர்கள் பேரம் பேச வேண்டும். எதிராளி யார்? கடல்தான். வேறு யார்?

(இந்த இடத்தில் ஒரு டிசம்பர் மாதத்தைப் பற்றிப் பத்தி ஒன்று எழுதி அடித்திருக்கிறேன். அந்தக் கரையில் ‘கடல் யாரையும் எடுத்துக்கொள்ளாத ஆட்டம்’ என்றதும் உங்களுக்கும் அதுதான் தோன்றும். துர்காவுக்கும் தோன்றியிருக்கிறது. பிறகு நேரில் போனபோது கேட்டும்விட்டாள். சாமிக்கண்ணுவின் அண்ணி பார்வதி சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்: “அதுக்கும் இதுக்கும் இன்னா இருக்குது? பேப்பர்காரங்க வந்து கேட்டாங்க, சங்கத்துக்காரங்க வந்து கேட்டாங்க. இப்ப நீயுமா? கட்டுப் போட்ட பொஸ்தகத்துல தாளு இல்ல. அவ்ளோதான்.” அதனால் இந்தக் கதையிலும் தாள் இல்லை, அவ்வளவுதான்.)

5

காணாமல்போன தாளை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு, அடுத்த ஞாயிறு மரக்காணம் பஸ்ஸில் ஏறினாள் துர்கா. திருத்தம் தருவது தன் பொறுப்பு என்று நினைத்தாள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். பிள்ளைச்சாவடி தாண்டும்வரை அந்த நினைப்பில் அவளுக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

ஏலக்கூடத்தில் தடைக்காலம் என்பதால் கூட்டமில்லை. சிமெண்டுத் தரையைக் கழுவிவிட்டு மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஏலம் கூறுகிற பார்வதி. ஆட்டத்தை நடத்துவதும் அவள்தான், உப்பு வியாபாரியாக ஆடுவதும் அவள்தான். அவள் கொழுந்தனார் சாமிக்கண்ணு. ஆட்டத்தில் படகின் தலைவன். சாமிக்கண்ணுவின் மனைவி செல்வாம்பாள்.

செல்வாம்பாள் துர்காவைப் பார்த்துச் சிரித்தார். வாங்க என்று சொன்னாரா இல்லையா என்பது துர்காவுக்குச் சரியாகக் கேட்கவில்லை. 

“அது அப்டித்தான்,” என்றாள் பார்வதி. “வந்து பன்னெண்டு வருசமாவுது. எங்க வூட்டுச் சொவுத்துக்குக்கூட அது கொரலு தெரியாது. சோழிய எடுத்து கையில குடு, அப்பறம் பாரு. வேம்பு வந்துடுவா. கூடத்துக்கு வெளிய ஆளு நின்னு கேக்கும்.”

“இன்னா பேசுவாங்க?”

பார்வதி செல்வாம்பாளைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். சாமிக்கண்ணுதான் சொன்னார், மூக்கைச் சுருக்கி, பெண் குரலில்: “‘டேய், சுக்கான எந்தப் பக்கம்டா திருப்பற? உங்க அப்பன் போட்ட ரோடா இது?’ தலைவன்னுகூடப் பாக்கமாட்டா மேடம். என்னியதான் சொல்றா. ஊரே சிரிக்குது.” சொல்லும்போது அவர்தான் அதிகமாகச் சிரித்தார்.

சாமிக்கண்ணுவுக்குச் சொந்தப் படகு கிடையாது. அடுத்தவர் படகில் போகிறவர். அங்கே அவர் சத்தம் போடுவதில்லை, சத்தம் கேட்கிறவர். (இதை நான் எங்கே சொல்வது என்று தெரியாமல் இங்கே வைத்தேன்.)

துர்கா உறையைப் பிரித்துத் தாளை நீட்டினாள். சாமிக்கண்ணு வாய்விட்டுப் படித்தார். உயிர் போகும் என்ற இடத்தில் நிறுத்தி, மறுபடி அதே வரியைப் படித்தார்.

“அப்ப நாங்க ரெண்டு வருசமா தப்பா ஆடிகினு இருந்தோமா?” என்றாள் பார்வதி.

“தப்புன்னு இல்லக்கா. இது எழுதனது. அவ்ளோதான்.”

“சோழிய பொறுக்கி எடுக்கறதுக்குள்ள முடிஞ்சிடுது. ஒருத்தரு ஒண்ணும் பேசவேணாமா?”

பார்வதி சோழிகளை முந்தானையில் துடைத்தபடி நடந்ததைச் சொன்னாள். போன வாரம் ஆறாந்துறையில் நங்கூரக் கயிறு பாறையில் சிக்கியது. வெட்டாவிட்டால் படகோடு எல்லோரும் போக வேண்டியதுதான். வேம்பு குதித்து வெட்டினாள். மேலே வரும்போது சோழி உருட்டியதில் ஒன்றே ஒன்று விழுந்தது. அதற்குள் யாரோ கூப்பிட ஆட்டம் அங்கேயே நின்றுவிட்டது. 

“வேம்பு இன்னும் தண்ணியிலதான் கீறா,” என்றாள் பார்வதி. “நீ இந்தத் தாள எடுத்தாந்திருக்க.”

செல்வாம்பாள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கிறவராக இருந்திருந்தால் துர்கா ஏதாவது சொல்லி நழுவியிருப்பாள்.

6

எழுதிப் பார்த்து விட்டுவிட்ட வாக்கியம்: “துர்கா அந்தத் தாளைக் கிழித்துக் காற்றில்”. துர்கா எதையும் கிழிக்கிறவள் இல்லை. தாளை உறையிலேயே மறுபடி போட்டாள். “நீங்க ஆடற மாதிரி ஆடுங்கக்கா. நான் பாக்கறேன்,” என்றாள்.

“பாக்கறதா? நான் கடலா ஒக்காந்து ஒக்காந்து அலுத்துப்போனேன். எழுதனவ வந்திருக்க. நீயே கடலா ஒக்காரு.”

செல்வாம்பாள் எழுந்துபோய், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி உட்கார்ந்தார். விழுந்தவர் அப்படித்தான் உட்கார வேண்டும். பேரம் முடியும்வரை பேசக்கூடாது. இது எந்தப் பக்கத்திலும் இல்லை. அவர்களாக வைத்துக்கொண்டது. தண்ணீருக்குள் இருக்கிறவர் எப்படிப் பேசுவார்?

பார்வதி தொண்டையைச் செருமிக்கொண்டாள். “உப்பு ரெண்டு மூட்ட தர்றேன். எங்க பொண்ண குடு.”

“சரி,” என்றாள் துர்கா.

“இன்னா சரி?”

“குடுத்துட்டேன்.”

“நெத்திலிக் கூறுகூட இவ்ளோ சுளுவா முடியாது,” என்றாள் பார்வதி. உண்மையாகவே கோபம் வந்திருந்தது. “ரெண்டு மூட்ட உப்புதான் எங்க வேம்புக்கு வெலையா? நீ கடலு. உனுக்கு நாங்க சொந்தமா பந்தமா? இப்டி சல்லிசா குடுத்தா நாளைக்கு எவளாச்சும் பயந்து எறங்குவாளா?”

துர்காவுக்கு மாடியில் விமல்ராஜ் சொன்னது ஞாபகம் வந்தது. அவன் சாவைக் கேட்டான், இவள் விலையைக் கேட்கிறாள். சும்மா கிடைப்பது இரண்டு பேருக்கும் ஆகவில்லை. இத்தனை மாதம் கருத்துக் கேட்டதில், மாடியில் கேட்டதையே வெளியே ஒருவரும் கேட்டு அவள் பார்த்தது இதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். நல்ல விலையாகக் கேட்க வேண்டும் என்று நினைத்தாள். புத்தகத்தில் எழுதக்கூடிய விலையாக.

“வேம்புவத் தர்றேன். அவ கொரல மட்டும் நான் வச்சிக்கிறேன்.”

சொல்லும்போது அவளுக்கே அது பிடித்திருந்தது. பிறகுதான் மற்றவர்களைக் கவனித்தாள். சாமிக்கண்ணு மல்லாட்டை (வேர்க்கடலை) உரித்துக்கொண்டிருந்த கையை நிறுத்தியிருந்தார். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவரின் முதுகு அசையவில்லை.

“அக்கா, வேற கேக்கட்டா?”

“சொன்ன வெலைய கொறைக்க உனுக்கு உரிமை இல்ல. உன் பொஸ்தகந்தான் சொல்லுது.” பார்வதியின் குரல் தணிந்திருந்தது. “ஈடு நாங்கதான் சொல்லணும்.”

பார்வதி தன் உப்பு முழுவதையும் சொல்லிப் பார்த்தாள். ஈடில்லை என்று அவளே தலையாட்டினாள். நாலாந்துறைக் கிடங்கைச் சொன்னாள். அதற்கும் அவளே தலையாட்டினாள். ஏலம் கூறுகிறவளுக்குத் தன் சரக்கின் பெறுமானம் தெரியும்.

“என் வாய எடுத்துக்க,” என்றார் சாமிக்கண்ணு.

“இன்னாப்பா சொல்ற?”

“தலைவன் கொரலு. அத எடுத்துகினு அவளுத குடுக்கச் சொல்லு அண்ணி.”

“தலைவன் ஊமையாப் போனா படகு யாரு சொல்லி ஓடும்? அடுத்து ஏழாந்துறை. பாறையா நிக்குது. சத்தம் குடுக்க ஆளில்லாம எல்லாரும் முட்டிகினு சாவறதா? ஒருத்திக்கோசரம்?”

சாமிக்கண்ணு உதட்டைக் காட்டி, கையை விரித்தார். அவர்கள் ஆட்டத்தில் ஈடு சொன்னவர், கடல் பதில் சொல்லும்வரை அதைக் கொடுத்துவிட்டவராகவே இருக்க வேண்டும். முன்பு ஒருவர் கண்ணைத் தருகிறேன் என்று சொல்லிக் கண்ணை மூடி, அப்படியே குறட்டை விட்டிருக்கிறார். அதற்குச் சிரித்த பார்வதி இப்போது சிரிக்கவில்லை.

“வேணாம்ப்பா. வாபஸ் வாங்கு,” என்றாள்.

அவர் கையை விரித்தது விரித்தபடி இருந்தது. இருவரும் துர்காவைப் பார்த்தார்கள்.

துர்காவுக்கு எந்தப் பக்கத்தையும் புரட்டிப் பார்க்க முடியவில்லை. ஒருத்தி பேசுகிற ஒரே இடம் இது. ஒருவர் சத்தம் போடுகிற ஒரே இடமும் இதுதான். இரண்டில் ஒன்றை அவள் எடுத்துக்கொள்ள வேண்டும். வெளியே ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டது.

“அடுத்த ஞாயித்துக்கெழம சொல்றேன்,” என்றாள்.

“கடலு லீவு போட்டு நான் பாத்ததில்ல,” என்றாள் பார்வதி. ஆனாலும் பஸ்வரை கூட வந்தாள்.

7

அந்த வாரத்தில்தான் எனக்குக் கடிதம் வந்தது. நான் மூன்று பதில் எழுதினேன், மூன்றையும் அனுப்பவில்லை. அவற்றைக் கதையின் முடிவுகளாக இங்கே வைக்கிறேன். நான்காவது பின்னால் சேர்ந்தது.

அ. கடல் ஈட்டை ஏற்றுக்கொள்கிறது. வேம்பு கரையேறி, வாயில்லாத தலைவனுக்குப் பதிலாகச் சுக்கானைப் பிடித்து எல்லோரையும் அதட்டுகிறாள். சாமிக்கண்ணு மூலையில் உட்கார்ந்து பெருமையோடு பார்க்கிறார். (எழுதும்போது இனித்தது. மறுநாள் படித்தேன். தடைக்காலம் முழுக்க, வருடா வருடம், ஒரு மனிதரை மூலையில் பெருமைப்பட உட்கார வைத்திருக்கிறேன். அவ்வளவு நல்லவராக இருக்க அவர் ஒப்புக்கொண்டது அந்த ஒரு நிமிஷத்துக்குத்தானா, எப்போதைக்குமா என்று நான் கேட்கவில்லை.)

ஆ. கடல் மறுக்கிறது. வேம்பு குரல் இல்லாமல் திரும்புகிறாள். செல்வாம்பாள் இனிக் கையசைவிலேயே ஆடுகிறார், அதில் ஒரு புது அழகு. (புது அழகு எனக்கு. அவருக்கு அது வீடு.)

இ. முப்பத்தோராம் பக்கம் நிற்கிறது. வேம்பு செத்தாள். எல்லோருக்கும் ஒரே விதி. செல்வாம்பாள் புதிதாக ஒருத்தியை உண்டாக்குகிறார். (இது நியாயம். இதை விஜயராகவன் ஆதரிப்பார் என்று எண்ணி, அவரிடம் கேட்டுப் பார்க்கும்படி துர்காவுக்குத் தனியாக ஒரு கார்டு போட்டேன்.)

கேட்டிருக்கிறாள். அந்த வாரக் கூட்டத்தைச் சனிக்கிழமைக்கு மாற்றியிருந்தாள்; மாடியில், மற்ற இருவரும் வருவதற்கு முன்னால். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு முதலில் இதைத்தான் கேட்டார்:

“ஈடு சமமா இல்லியான்னு யாரு முடிவு பண்றது?”

“கடல் சார்.”

“எத வச்சி?”

“எத வச்சின்னு இல்ல சார். அங்க ஒக்காந்திருக்கறவங்கள வச்சி.”

“அப்ப அத எழுத முடியாதே.” கையிலிருந்த டீயை ஜன்னலில் வைத்தார். பிறகு, “எழுதாத,” என்றார்.

“சார், நீங்களா சொல்றீங்க?”

“எழுதனா நானே ஒரு அட்டவணை கேப்பேன். கொரலுக்கு எவ்ளோ, கண்ணுக்கு எவ்ளோன்னு. வாங்காம வுட மாட்டேன். எனக்குத் தெரியும் என்னை.” டீ ஆறிப்போயிற்று என்று சொல்லிக் கிளாஸைத் தள்ளி வைத்தார். “அந்த அம்மா இப்ப இன்னா பண்றாங்க?”

“காத்துகினு இருக்காங்க சார்.”

“நான் இருந்தா முடிவு தெரியறவரைக்கும் ஆபீசுக்கே போவ மாட்டேன்,” என்றார் விஜயராகவன்.

ஈ. இதை நான் எழுதி, ஒரு நாள் முழுக்க வைத்திருந்து, பிறகு எடுத்துவிட்டேன். செல்வாம்பாள் சுவரிலிருந்து திரும்புகிறார். விதியை மீறி, வேம்புவின் குரலில் இல்லை, தன் சொந்தக் குரலில், “என் புருசன் வாய யாரும் எடுக்கவேணாம்” என்கிறார். எல்லோருக்கும் கண் கலங்குகிறது. கதை முடிகிறது.

கைதட்டல் வாங்குகிற முடிவு. ஆனால் இரண்டு வருடத்தில் அவர் ஒரு தடவைகூட விதியை மீறியதில்லை என்று பார்வதி சொல்லியிருக்கிறாள். அந்தக் கூடத்தில் ஆட்டத்தை அதிகம் நம்புகிறவர் அவர்தான். தண்ணீருக்குள் இருக்கிறவர் பேசமாட்டார். அவரைப் பேசவைத்து என் கதையைக் காப்பாற்றிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை.

8

அடுத்த ஞாயிறு துர்கா கனகசெட்டிக்குளம் போனாள். என்ன சொன்னாள் என்பது எனக்குத் தெரியும். இரண்டாம் பதிப்பும் வந்துவிட்டது. அதில் முப்பத்தோராம் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று சொன்னால் முடிவைப் பாதி சொன்னதாகிவிடும், அதனால் சொல்லப்போவதில்லை. கோபம் வந்தால் எழுதுங்கள். நான் எல்லாக் கடிதத்துக்கும் பதில் போடுகிறவன். இதற்கு மட்டும் போடமாட்டேன்.

காரணம் இதுதான். ஆட்டம் ஆட ஆள் கிடைக்காமல் புத்தகத்தை மட்டும் படித்துக்கொண்டிருந்தவனிடம், என்ன செய்வது என்று ஒருத்தி கேட்டாள். அந்த வாரம் முழுக்க, பஸ்ஸிலும் சாப்பாட்டிலும், நான் ஏலக்கூடத்துச் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்திருந்தேன். அதுவரை எனக்கு அப்படி ஒரு வாரம் வாய்த்ததில்லை. முடிவைச் சொல்லி அதை உங்களிடமிருந்து பிடுங்க மனம் வரவில்லை.

கொஞ்சம் நகர்ந்து இடம் விடுகிறேன், உட்காருங்கள். நீங்கள்தான் கடல். குரலை விலையாகக் கேட்டவரும் நீங்கள்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெரியாமல் கேட்டது, ஆனாலும் கேட்டது கேட்டதுதான். பார்வதி படகில் உள்ள மற்றவர்களுக்காகவும் உங்களைப் பார்க்கிறாள், அவள் பயத்தில் நியாயம் இருக்கிறது. அவளைத் தவிர மற்ற இருவரிடமும் எதையும் கேட்க முடியாது. செல்வாம்பாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். சாமிக்கண்ணு உதட்டை மூடி, கையை விரித்து வைத்திருக்கிறார். அவசரம் இல்லை என்று சொல்லமாட்டேன். நீங்கள் வாயைத் திறக்கும்வரை கணவனும் மனைவியும் அப்படியேதான் இருப்பார்கள்.